வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று

1

இந்தக் கதை என் எரிச்சலில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குன்னூரில் என் வீட்டுக் கணினியில் மின்னஞ்சல் புரோகிராம் ஒன்றைப் போட்டுவிட்டு ஒரு பிற்பகல் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். அஞ்சல் வந்தது. போக மறுத்தது. கடைசியில் உதவி எண்ணில் பேசிய பெண், "வர்றதுக்கு ஒரு சர்வர், போறதுக்கு வேற சர்வர் சார். போறதுக்குத் தனியா லாகின் டிக் பண்ணணும், போர்ட் நம்பரும் மாத்தணும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடமும் இரண்டும் ஒரே வழி என்றல்லவா நினைத்திருந்தேன்? வருகிறது, அதனால் போகவும் செய்யும் என்று நம்பிக்கொண்டு எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்? அப்படி ஒருவரைக் கற்பனை செய்து பார்த்தேன். பெயர் பஷீர்.

2

"குன்னூரில் மழை பெய்துகொண்டிருந்தது. பஷீர் தன் கடையின் ஷட்டரை—"

[வேண்டாம். குன்னூர்க் கதை என்றாலே மழையைக் கூப்பிட்டுவிடுகிறோம். அதிலும் பஷீர் மார்க்கெட்டில் குடையும் ஜெர்கினும் கம்பூட்ஸும் விற்பவர். மழை பெய்தால் கதை அவருக்கு விளம்பரமாகிவிடும்.]

"பஷீர் தன் தம்பி ஜமீலோடு பேசி ஐந்து வருடமாகிறது."

இது பரவாயில்லை. ஏன் பேசவில்லை? அவர்களுடைய அம்மா இறந்தபோது மஸ்கட்டில் இருந்த ஜமீல் அடக்கத்துக்கு வரவில்லை. பஷீர் போனில் கத்தினார். ஜமீலும் கத்தினார். இனி உன் குரலைக் கேட்க மாட்டேன் என்று பஷீர் வைத்துவிட்டார்.*

* வாட்ஸப் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஜமீலின் எண்ணை வீட்டில் எல்லாருடைய போனிலிருந்தும் பஷீர் அழிக்கச் செய்தார். ஜமீலும் பிறகு எண்ணை மாற்றிவிட்டார். மிஞ்சியது மின்னஞ்சல் மட்டும்.

3

முதலில் எழுதியது ஜமீல்தான். கம்பெனி லீவு தரவில்லை, பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருந்தது, மன்னித்துவிடுங்கள் அண்ணா என்று. பஷீர் அழுதுவிட்டார். அன்றே மூன்று பக்கத்துக்குப் பதில் அடித்தார். உன் மேல் தப்பில்லை என்று எழுதினார். அம்மாவின் கபரைப் படமெடுத்துச் சேர்த்து அனுப்பினார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. அதன் அடியில் ஓகே என்று இருந்தது. அமுக்கினார். ஓகே என்றுதானே போட்டிருக்கிறது, போய்விட்டது.

அடுத்த வாரம் ஜமீல் எழுதினார்: "அண்ணா, இன்னும் கோபமா? ஒரு வரி போடுங்க."

பஷீருக்குச் சுருக்கென்றது. மூன்று பக்கம் மன்னித்து எழுதினால் இன்னும் கோபமா என்கிறானே, என்ன நக்கல் என்று மனைவியிடம் புலம்பினார். ஆனாலும் பதில் எழுதினார். கட்டம் வந்தது. ஓகே. இப்படியே போயிற்று. தம்பி பதில் கேட்கக் கேட்க அண்ணன் பதில் எழுதினார். ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிடச் சூடாக இருந்தது. ஒரு கட்டத்தில் ஜமீல் எழுதுவதை நிறுத்திவிட்டார். பஷீர் நிறுத்தவில்லை.

[இவ்வளவு முட்டாளா ஒருவர் என்று நானே சந்தேகப்பட்டேன். அப்புறம் நான் படிக்காமல் அமுக்கிய ஓகேக்களை நினைத்துப் பார்த்தேன். பஷீர் இருக்கட்டும்.]

4

பஷீரின் மனைவி ஜெய்புன்னிசாவை முதல் வரைவில் கணினியே தெரியாதவராக எழுதியிருந்தேன். அது என் சோம்பேறித்தனம். மகள் நாஜ்னீனின் ஆன்லைன் வகுப்புகளையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொடுத்தவர் அவர்.

நாஜ்னீனுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். ஜமீலை அழைக்கவில்லை. தோளில் தூக்கி வளர்த்த சின்னத்தா, அதாவது சித்தப்பா, இல்லாமல் எப்படி என்று மகள் கேட்டதற்குப் பஷீர் எழுந்து போய்விட்டார். வியாழக்கிழமை அவர் கடைக்குப் போனதும் ஜெய்புன்னிசா பத்திரிகையைப் படமெடுத்து, பஷீர் எழுதும் அதே கணினியிலிருந்து ஜமீலுக்கு அனுப்பினார். கட்டம் வந்தது. அவர் அதைப் படித்தார். அனுப்ப முடியவில்லை என்று இருந்தது.

உதவி எண்ணுக்கு அவர் போன் செய்தார். எனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே அவருக்கும் சொல்லவைத்தேன். லாகினில் டிக். போர்ட் நம்பரை மாற்று. ஒரே ஒரு பத்திரிகையை அனுப்பிவைக்கலாம் என்பதுதான் என் எண்ணம். சத்தியமாக அவ்வளவுதான்.

திரையில் வந்தது: முப்பத்தெட்டில் ஒன்று அனுப்பப்படுகிறது.

5

எழுதிய எனக்கே கை நின்றுவிட்டது. ஜெய்புன்னிசா திரையை நெருங்கிப் பார்த்தார். தான் அனுப்பியது ஒன்று. மிச்சம் யாருடையது? இரண்டு போயிற்று. மூன்று போயிற்று. பக்கத்தில் ஓடிய தேதிகளைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. ஐந்து வருடமாகப் பஷீர் எழுதியதில் ஒன்றுகூடப் போகாமல் எல்லாம் இந்தக் கணினியிலேயே தேங்கிக் கிடந்திருக்கிறது.

முதலில் போகிறவை நல்லவை. பின்னால் வருகிறவை எப்படி இருக்கும் என்று புருஷனை அறிந்த அவருக்குத் தெரியும். கடைசியாக எழுதியது பஷீருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்: "நாஜ்னீன் நிக்காஹுக்கு நீ வர வேண்டாம். நான் மௌத்தானாலும் என் சந்தூக்குக்குத் தோள் கொடுக்க வராதே." அதற்கும் பின்னால், வரிசையில் கடைசியாக, நிக்காஹ் பத்திரிகை.

ஜெய்புன்னிசா மோடத்தின் வயரைப் பிடித்துக்கொண்டார்.

(அ) பிடுங்குகிறார். அன்பு போய்ச் சேர்கிறது, வசவு நின்றுவிடுகிறது. [நானே விரும்பிய முடிவு. ஆனால் பத்திரிகையும் போகாது.]

(ஆ) கரண்ட் போய்விடுகிறது. [மலையில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் இருட்டில் ஒளிந்துகொள்வது ஒரு முடிவா?]

(இ) பஷீர் சாப்பிட வருகிறார்.

6

பஷீர் வந்தார். நான் கூப்பிடவில்லை. மதியம் ஆகிவிட்டது, வந்தார்.

ஜெய்புன்னிசா நடந்ததைச் சொன்னார். பஷீருக்கு முதலில் விளங்கவில்லை. எல்லாம் அப்பவே போய்விட்டதே என்றார். கட்டத்தில் என்ன எழுதியிருக்கும் என்று ஜெய்புன்னிசா சொன்னார். பஷீர் திரையைப் பார்த்தார். பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப அவன் கேட்டதெல்லாம்... நெசமாவே கேட்டதா?"

இருபத்தொன்று ஆனது.

"ஏனுங்க, புடுங்கிடட்டுங்களா? பின்னாடி எழுதுனது என்னனு உங்களுக்கே தெரியுமுங்க."

பஷீர் அவர் கையின்மேல் கையை வைத்தார். பிடுங்கத்தான் போகிறார் என்று நான் பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.

"விடு, ஜெய்பு. திட்டியாவது ஒரு வரி போடுங்கண்ணான்னுதான் கடைசியா எழுதியிருந்தான். திட்டுனதும் போகட்டும்."

வயரிலிருந்து அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டார். இருவரும் நின்றபடியே பார்த்தார்கள். எல்லாம் போயிற்று. கடைசியாகப் பத்திரிகையும்.

7

அன்று சாயங்காலம் போன் அடித்தது. மறுமுனையில்—

இல்லை, அடிக்கவில்லை. நான்தான் அடிக்கவைத்தேன். வெட்டிவிட்டேன்.

ஜமீலின் பதிலை எழுதவும் உட்கார்ந்தேன். மன்னித்து ஒன்று, காறித் துப்பி ஒன்று. இரண்டுமே நன்றாகத்தான் வந்தன. படித்துப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. ஐந்து வருடமாகப் பஷீர் செய்த வேலையல்லவா இது? தம்பி மனதில் என்ன இருக்கிறது என்று தம்பியைக் கேட்காமல் தானே முடிவுகட்டிக்கொண்டிருந்தார். இரண்டையும் கிழித்துப்போட்டேன். நீங்களும் தயவுசெய்து மனதுக்குள் எதையும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

பஷீர் நாற்காலியை இழுத்துப்போட்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஜமீல் வருவாரா என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. அதை ஜமீல்தான் சொல்ல வேண்டும்.