முப்பத்துமூன்று அங்குலம்

1

இந்தக் கதை ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பதற்காகத் தொடங்கப்பட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டாள் என்று ஒருவரும் என்னோடு கொழுவ வரக்கூடாது.

கடிதம் ஜேர்மனியிலிருந்து என் கணவர் எழுதியது. போய் எட்டு வருஷத்துக்குப் பிறகு அவருக்கு விசா கிடைத்துவிட்டதாம். நான் கொழும்புக்கு வந்து சேர்ந்தால், அங்கே கூப்பிடுகிற மிச்ச அலுவலைத் தான் பார்த்துக்கொள்வாராம். கடைசி வரியில், "வாறீரோ இல்லையோ எண்டு ஒரு பதில் எழுதும்" என்றிருக்கிறது. புங்குடுதீவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த நாகமுத்து அண்ணை, இப்போது கொக்குவிலில் நான் இடம்பெயர்ந்து இருக்கும் இதே வீட்டின் முன்னறையில் குடும்பத்தோடு இருக்கிறார். நாளைக் காலை கிளாலிக் கடல்பாதையால் கொழும்புக்கு வெளிக்கிடுகிறார். பதிலை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். இன்றைக்குப் பகல் முழுக்க எனக்கு இருக்கிறது.

ஆனால் எழுத உட்கார்ந்தால் மேசை ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. புங்குடுதீவு வீட்டில் நான் என் கையால் செய்த வேலை மேசை, சில்லுப் பூட்டியது. அந்த மேசையை ஏன் அப்படிச் செய்யச் சொன்னார் என்பது விளங்கினால், போவதா விடுவதா என்பதும் விளங்கிவிடும் என்று ஒரு நினைப்பு. அதனால்தான் வாசகரே, உங்களைக் கூப்பிட்டு இருத்திவைத்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "சீதேவி பனஞ்சட்டத்தில் வாளை வைத்தபோது கடற்காற்று அவளுடைய நீண்ட கருங்கூந்தலை—"

பனஞ்சட்டம் அறுக்கிறவள் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டா நிற்பாள்? வாளில் சிக்காதா? இந்தச் சீதேவிக்கு என்னைவிட நல்ல தலைமயிர் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் எழுதிவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "போர் மேகங்கள் சூழ்ந்த அந்தத் தீவில்—"

இதுவும் வேண்டாம். புங்குடுதீவில் மேகத்தைக் கண்டால் நாங்கள் மழைத் தண்ணி பிடிக்க வாளியை எடுத்துக்கொண்டு கூரைப் பீலிக்குக் கீழே ஓடுகிற ஆட்கள்.

சரி. என் பெயர் சறோஜினிதேவி. முப்பத்தாறு வயது. சீதேவியை அனுப்பிவிட்டேன், பாவம், அவளுக்கு வேறு கதையில் இடம் கிடைக்கும்.

இவருக்கு ஒரு பெயர் வேண்டும். கட்டியவரின் பெயரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். எழுத்தில் எழுதினால் குறையுமா என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. எதற்கு வீண் வம்பு? மார்க்கண்டு என்று வைத்துக்கொள்கிறேன். யமனே பாசக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போன பெயர்.

3

மார்க்கண்டு றேடியோ திருத்துபவர். எண்பத்தாறு மாசியில் போனார். போய் ஐந்தாம் மாதம் வந்த கடிதத்தில்தான் மேசை முதன்முதலில் வருகிறது. வீட்டிலேயே றேடியோ வேலை செய்ய நல்ல உறுதியான மேசை ஒன்று வேண்டும், தான் அளவுகளை ஒவ்வொன்றாக அனுப்புகிறேன், செய்துவையும் என்று எழுதியிருந்தார்.

செய்துவையும் என்றால் என்ன பொருள்? திரும்பி வரப்போகிறார் என்றுதானே? நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் இல்லை. றேடியோவின் வயிற்றுக்குள் பார்க்க வெயில் வெளிச்சம்தான் வேண்டும். காலையில் அது கிழக்கு விறாந்தையில் இருக்கும், பின்னேரம் மேற்கு யன்னலுக்குப் போய்விடும். ஆகவே மேசை வெளிச்சத்துக்குப் பின்னால் உருண்டு போக வேண்டும். ஆனால் வேலை செய்யும்போது மயிரிழைகூட அசையக் கூடாது. இதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒரு பக்கத்து இரண்டு கால்களில் மட்டும் சில்லு. அதுவும் தரையில் முட்டாமல் ஒரு நூல், அரைக்கால் அங்குலம், மேலே. மற்றப் பக்கத்தைக் கையால் தூக்கினால்தான் சில்லுத் தரையைத் தொடும், தள்ளுவண்டி மாதிரி ஓடும். இறக்கிவிட்டால் நாலு காலில் ஊன்றி நிற்கும். சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்கு மூளை இருந்தது.

காலுக்கும் சட்டத்துக்கும் பனை. மேலே வேப்பம் பலகை. சில்லுக்கு நாகமுத்து அண்ணை தன் பழைய லொறியிலிருந்து இரண்டு பெயாரிங் கழற்றித் தந்தார். மரம் அறுத்ததும் துளை போட்டதும் நான். முதல் மாதம் கை முழுக்கப் பனஞ்சிலும்பு.

கடிதம் போக ஒரு மாதம், வர ஒரு மாதம். ஒரு கடிதத்துக்கு ஒரு அளவு. "கால் நாலங்குலச் சதுரம். ஆணி அடிக்க வேண்டாம், துளை போட்டு போல்ற் இறுக்கும். காலை நீளமாக விட்டுவையும், உயரம் கடைசியில சொல்லுறன். சாப்பிட்டீரோ." இவ்வளவுதான் கடிதம். அந்தச் "சாப்பிட்டீரோ"வைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு

(வேண்டாம், இந்த வசனத்தை வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். வைத்துக்கொண்டுதான் படுத்தேன். எழுதியாயிற்று, கிடக்கட்டும்.)

எண்பத்தேழு ஆனியில் சட்டம் கூட்டி, சில்லுப் பூட்டி, பலகையும் ஏற்றியாயிற்று. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. மேசை முடிந்துவிட்டால் இந்த மனிதர் எதைப் பற்றிக் கடிதம் எழுதுவார்? அவருக்கு வேறு ஒன்றும் எழுதத் தெரியாது. எனக்கும் கேட்கத் தெரியாது.

ஆகவே பொய் எழுதினேன். இடது சில்லு ஆடுகிறது என்றேன். ஆடவில்லை. நாலு பக்கத்தில், படம் கீறிப் பதில் வந்தது. அடுத்தது பலகை வெடித்துவிட்டது என்றேன். அதற்கு மூன்று பக்கம். பிறகு குறுக்குச் சட்டம் வளைந்துவிட்டது என்றேன். நாகமுத்து அண்ணைக்கும் இதே பொய்தான், அவரும் மார்க்கண்டுக்குக் கடிதம் போடுகிறவர். ஒருநாள் வந்து இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டு, "உதில லொறி எஞ்சினையே இறக்கி வைக்கலாம் பிள்ளை. எங்க ஆடுது?" என்று கேட்டார். இப்போது ஆடவில்லை, பின்னேரத்தில்தான் ஆடுகிறது என்று சொன்னேன். மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

* இந்த இடத்தில் இந்திய ஆமி வந்தது, சண்டை, ஏழு மாதம் கடிதமே இல்லை. அதை எழுதினால் இது வேறு கதை. அந்த ஏழு மாதமும் மேசையை ஒவ்வொரு நாளும் காலையில் விறாந்தைக்கும் பின்னேரம் யன்னலுக்கும் தள்ளினேன் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். மேலே ஒன்றும் இல்லை, வெறும் மேசை.

4

எண்பத்தெட்டில் கடைசி அளவு வந்தது. உயரம்: முப்பத்துமூன்று அங்குலம்.

மார்க்கண்டு ஆறடி மனிதர், நின்றுதான் வேலை செய்வார். குசினி வாசல் நிலையில் நெற்றி இடிபடாத நாள் கிடையாது. முப்பத்துமூன்று அங்குல மேசையில் நின்று வேலை செய்தால் ஆறு மாதத்தில் கூனிப்போவார். மாமி இலட்சுமிப்பிள்ளை, அவருடைய தாய், அப்போது என்னோடுதான் இருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஜேர்மன் குளிரில் மகனுக்கு மூளை விறைத்துவிட்டது என்றார் மாமி. அளவைப் பிழையாக எழுதிவிட்டான், நாங்களே சரியாகப் பார்ப்போம் என்று முடிவாயிற்று.

இனிச் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். அலுமாரியிலிருந்து அவருடைய வெள்ளை நீளக்கைச் சேர்ட்டை எடுத்தோம். நெற்றி முட்டுகிற இடம் குசினி நிலையில் கறுத்துப்போய் இருக்கும், அதிலிருந்து கழுத்துக்கு இறக்கி நிலைக்காலில் ஒரு ஆணி அடித்துச் சேர்ட்டைத் தொங்கவிட்டோம். கீழே காற்சட்டையைக் குத்தினோம். கையை முழங்கையில் மடித்துக் குண்டூசி போட்டோம். மாமி தள்ளி நின்று பார்த்தார். பிறகு கிட்ட வந்து கொலரை இழுத்துச் சரிபண்ணினார். பொத்தானைப் பூட்டினார். நான் நிலத்திலிருந்து அந்த முழங்கைக்கு அளவு ரேப் பிடித்தேன். காற்றுக்குச் சேர்ட்டின் மற்றக் கை என் தோளில் வந்து விழுந்தது. மாமி குசினிக்குள்ளே போய்விட்டார்.

முழங்கைக்கு ஐந்து அங்குலம் கீழே என்பது அவர் எழுதிய கணக்கு. ஐந்தைக் கழிக்க முப்பத்தெட்டு வந்தது. சில்லைக் கழற்றி, முப்பத்தெட்டில் மேசைக் காலை வெட்டி, திரும்பப் பூட்டினேன். உங்கள் அளவு பிழை, திருத்திவிட்டேன் என்று பெருமையாகக் கடிதமும் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் கட்டிலோ கதிரையோ நிலையோ, எதைச் செய்தாலும் ஆம்பிளையின் அளவுக்குத்தான் செய்வது. ஒரு மேசையை எனக்கு அளப்பார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

5

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது.

"அளவு பிழையில்லை. காலை வெட்டி முப்பத்துமூண்டு ஆக்கும். உம்மட முழங்கைக்குத்தான் அளந்தனான்."

இந்த இடத்தில் ஒரு நல்ல கதாசிரியை, முதலாம் பகுதியிலேயே ஒரு சின்னக் குறிப்பைப் போட்டு வைத்திருப்பாள். நான் மறந்துவிட்டேன். எனக்கே அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் வெளிக்கிட்ட அன்று காலை, தேங்காய் துருவிவிட்டு எழும்பினேன். அசையாமல் நில்லும் என்று சொல்லி, ரேப்பின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, என் முழங்கைவரை இழுத்துப் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார். ஜேர்மனியிலிருந்து எனக்குச் சட்டை அனுப்பப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நிலத்திலிருந்து முழங்கைக்கு எந்தத் தையற்காரன் அளக்கிறான்? விசரி, எனக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர் இருந்த காலத்திலேயே, பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து செய்து செய்து, எனக்கு றேடியோ வேலை பிடிபட்டுவிட்டது. அவர் போன பிறகும் ஆட்கள் றேடியோவைக் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. ஈயம் வைக்கிற இரும்பைச் சிரட்டைக் கரியில் சூடாக்கி, குசினி நிலத்தில் குந்தியிருந்து திருத்திக் கொடுத்தேன். இடுப்புப் போகிறது என்று ஒரு கடிதத்தில் எழுதியும் இருந்தேன்.

6

இப்போது மார்க்கண்டு என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இரண்டு மார்க்கண்டு எழும்பி நிற்கிறார்கள்.

ஒருவர், மனைவி நிலத்தில் குந்தியிருந்து கஷ்டப்படுகிறாள், அவளுக்கும் ஒரு மேசை வேண்டும் என்று நினைத்தவர். அந்தக் கிராமத்தில் வேறு எந்தப் புருஷனுக்கும் வராத நினைப்பு. அவரிடம் இன்றைக்கே போக வேண்டும் போலிருக்கிறது. எட்டு வருஷமாக, ஒரு நாள் தவறாமல், எனக்கு அவர் வேண்டியிருந்தது.

மற்றவர், தான் இனி வரமாட்டேன் என்று படி இறங்கும்போதே தெரிந்தவர். அதை என் முகத்துக்கு நேரே சொல்ல ஏலாமல், பிழைத்துக்கொள் என்று ஒரு மேசையைக் கடிதத்தில் சொல்லி அனுப்பியவர். அவர் ஒவ்வொரு அளவாக எழுதியது என்னை அவரில்லாமல் நிற்கப் பழக்கத்தான்.

இரண்டு பேரும் ஒரே முப்பத்துமூன்றைத்தான் எழுதுவார்கள். அதுதான் கரைச்சல்.

காலை வெட்டிவிட்டேன் என்று அவருக்குப் பதில் போட்டேன். வெட்டவில்லை. வாளை எடுத்துக்கொண்டு மூன்று நாள் மேசைக்கு முன்னால் இருந்தேன். ஐந்து அங்குலத்தை வெட்டினால் அவர் வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. கள்ளிப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் ஏறி நின்றுதான் மூன்று வருஷம் வேலை செய்தேன். மாமி தொண்ணூறில் கண்ணை மூடினார். தொண்ணூற்றொன்றில் தீவைவிட்டு வெளிக்கிட்டபோது படகில் ஆளுக்கு ஒரு பைதான். மேசையைத் தள்ளிக்கொண்டுபோய் விறாந்தையில் விட்டுவிட்டு வந்தேன். அங்கே இப்போது ஆமி. மேசை விறகாகவும் போயிருக்கலாம்.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) சறோஜினிதேவி போகிறாள். விமான நிலையத்தில் நரைத்த தலையோடு ஒரு மனிதர் நிற்கிறார். அவள் கிட்டப் போய்—

கிட்டப் போய் என்ன சொல்வாள்? சாப்பிட்டீங்களோ என்றா?

(ஆ) அவள் போகவில்லை. கொக்குவிலில் சைக்கிள் டைனமோவில் பாடுகிற றேடியோக்களைத் திருத்திக்கொண்டு, இரவல் வாங்கிய பள்ளிக்கூட மேசையில், நல்ல நிம்மதியாக—

நிம்மதி என்ற சொல்லை எழுதும்போதே கை கூசுகிறது. வெட்டிவிட்டேன்.

மூன்றாவது ஒன்றும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் எளியது. முடிவு எழுதுவதற்கு வேண்டிய ஒரு விஷயம் என்னிடம் இல்லை. அது உங்களிடம் இருக்கிறது.

ஓம், உங்களிடம்தான். வெட்கத்தில் இவ்வளவு நேரமும் வாசகர் என்று கூப்பிட்டுவிட்டேன். நாளைக்கு நாகமுத்து அண்ணை கொண்டுபோய்க் கொழும்பில் உங்களுக்குத் தபாலில் போடப்போவது இந்தத் தாள்களைத்தான். வேறு பதில் நான் எழுதவில்லை. சில்லு ஆடவில்லை, பலகை வெடிக்கவில்லை, சட்டம் வளையவில்லை, கால் முப்பத்தெட்டில்தான் நிற்கிறது. நான் எழுதிய பொய் அவ்வளவும் இதுக்குள்ளே இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கோ.

எட்டு வருஷமாகக் கேட்காத ஒன்றை இப்போது கேட்கிறேன். அன்றைக்குக் காலை ரேப்பைக் காலால் மிதித்துக்கொண்டு என்னை அளந்தீங்களே, அப்போது திரும்பி வருகிற எண்ணம் உங்களுக்கு இருந்ததா?

இருந்தது என்றால் வருவேன். இருக்கவில்லை என்றாலும் வருவேன். எது உண்மையோ அதை எழுதுங்கோ, அதுதான் இந்தக் கதையின் முடிவு. உங்கள் கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். பொய் எழுதினால் எனக்குப் பிடிபடும். அப்போது வரமாட்டேன்.