வட்டி இறங்கட்டும்

1

இந்தக் கதை ஓர் எண் சீட்டிலிருந்து வந்தது. வங்கியில் வரிசைக்காக இயந்திரம் துப்புமே, அந்தத் துண்டுச் சீட்டு. கிள்ளானில் நான் கடன் பிரிவு அதிகாரியாக வேலை பார்க்கும் வங்கிக்கு முந்தாநாள், வியாழக்கிழமை, ஒருவர் வந்தார். சீட்டை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்து, எண் வந்ததும் எழுந்து என் மேசைக்கு வந்தார். அவர் என் அப்பா.

அங்கிருந்து தொடங்கினால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். நானும் சீக்கிரம் மாட்டிக்கொள்வேன். எனவே இந்தத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு எழுபத்து நான்குக்குப் போகிறேன். அப்போது தவறு செய்தவர் அப்பா. எழுதுவதற்கு அதுதான் வசதி.

2

முதல் தொடக்கம்: “எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து மலேசியாவில் பணவீக்கம் இதுவரை காணாத—”

வேண்டாம். எங்கள் தலைமையகத்துச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: “என் அம்மா இராஜம்மா அரிசி டின்னைத் தட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு கைப்பிடி—”

இது பொய். நாங்கள் பட்டினி கிடந்ததில்லை. அப்பா சபாபதி ரயில்வேயில் கிளார்க். பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. சோறு இருந்தது. கடைக்குப் போனால் போன வாரத்து விலை மட்டும்தான் இருக்காது. மாவு, சீனி, பால் டின் என்று ஒவ்வொன்றாக ஏறியது. அம்மா கடைக்காரரைத் திட்ட, அவர் சப்ளையரைத் திட்ட, அப்பா பேப்பரில் வட்டி விகிதச் செய்திகளைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது தொடக்கம் இதுதான்: என் அம்மா அதுவரை தன் வாழ்நாளில் சுவரில் ஆணி அடித்ததில்லை.

குவாட்டர்ஸ் சுவர் அரசாங்கச் சுவர். காலி செய்யும்போது இன்ஸ்பெக்டர் வந்து ஓட்டைகளைப் பார்ப்பார் என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் எங்கள் வீட்டுப் படத்து முருகன், தையல் மெஷினின் மேல் சுவரில் சாய்ந்து நின்றார். அம்மா ரவிக்கை தைக்க உட்காரும்போதெல்லாம் அவரைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, தைத்து முடித்ததும் மறுபடியும் கொண்டுவந்து நிறுத்துவாள். சொந்த வீடு என்றால் அம்மாவுக்கு வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை. முருகன் ஓர் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

3

கிள்ளானில் ஒரு புதிய தாமான் குடியிருப்பில் வரிசை வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா முன்பணம் கட்டி ஒன்றைப் பதிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போய்ப் பார்ப்போம். கூரை இல்லாத ஹாலில் நின்றுகொண்டு, “படம் இந்தச் சுவத்துலதான். அடுப்புப் பொக படாது. வாசல்லேருந்து பாத்தாலும் தெரியும்,” என்பாள் அம்மா. சிமெண்டு இன்னும் ஈரமாக இருக்கும். அவள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள்.

மீதிப் பணத்துக்கு அரசாங்க ஊழியர் வீட்டுக் கடன் இருந்தது. வட்டி நான்கு சதவீதம். விலைவாசியோ வருடத்துக்குப் பதினைந்து, பதினேழு என்று ஏறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒரு கடன் அதிகாரியாகப் பார்க்கும்போது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சம்பளமும் விலையும் ஏற ஏற, தவணை மட்டும் அதே இடத்தில் நின்று இளைத்துப் போயிருக்கும். இப்படிப்பட்ட கடனை யாராவது கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.*

(* அப்பா காப்பாரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சம்பள நாளில் தோட்டத்து மளிகைக் கடைக்காரர் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, பாக்கிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தாத்தா பெயர் முதலில் வரும். அப்பா அப்போது பக்கத்தில் நின்றிருக்கிறார். இதை அடிக்குறிப்பில் போட்டதற்குக் காரணம், மேலே போட்டால் அவர் மேல் உங்களுக்கு இரக்கம் வந்துவிடும். கதையின் இந்த இடத்தில் எனக்கு அது தேவைப்படவில்லை.)

அவருடைய திட்டம் இது. முன்பணத்தைத் திரும்ப வாங்கிச் சேமிப்போடு சேர்த்து வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடுவது. வைப்புக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. வட்டி ஏறினால் வீட்டு விலை இறங்கும். இறங்கியதும் மொத்தப் பணத்தையும் ஒரே கையாகக் கொடுத்து வாங்குவது.

அவருக்குக் கீழே வேலை பார்த்த விஜயன் வீட்டுக்கே வந்து கேட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பேச்சு நன்றாக நினைவிருக்கிறது.

“அண்ணே, உண்மையாவே வேணாமா? வேணாம்னா அந்த வீட்ட என் பேர்ல மாத்திக்கிறேன். ஆனா யோசிச்சு சொல்லுங்க லா. லோன் சம்பளத்துலயே புடிச்சிக்குவாங்க, ஒருத்தருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்ல, தம்பி?” என்றார் அப்பா. “நீ எடுத்துக்க. நா ரெண்டு வருஷம் பொறுத்து காசு குடுத்து வாங்குவேன். யாருக்கும் பதில் சொல்ல வேணாம்.”

அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். விஜயன் அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்தார்.

4

அந்த வீட்டுக்கு விஜயன் பால் காய்ச்சினார். பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாததால் அடுப்பைப் பற்ற வைக்க அம்மாவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். இந்தக் காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் பால் பொங்கும்போது அம்மா அழுகிறாள். கிழித்துவிட்டேன். அம்மா வெளியிடத்தில் அழ மாட்டாள்.

இன்னொன்றில், புது வீட்டுக்கென்று மைலோ டின்னில் வளர்த்த கறிவேப்பிலைக் கன்றை அந்த வீட்டுக் கொல்லையில் நட்டுவிட்டு வருகிறாள். இதை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். ஆனால் எங்களிடம் கறிவேப்பிலைக் கன்று இருந்ததே இல்லை. அம்மா கொடுத்தது ஒரு எவர்சில்வர் வாளி. அவளுடைய துக்கத்தை விற்க நான் ஒரு செடியை வாங்கிவந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். விஜயனின் மனைவி தங்கமணி படத்தோடும் சுத்தியலோடும் வந்து, “அக்கா, சாமி படத்த எங்க மாட்டலாம்?” என்று கேட்டாள்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், “அந்தச் சுவத்துல. அடுப்புப் பொக படாது,” என்றாள்.

சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. தங்கமணி சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். விஜயன் சுத்தியலை வாங்கி ஆணியை அடித்தார். படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்பா. யாரும் கேட்காமலே அவர் கூட்டத்தைப் பார்த்து, “இன்னும் கொஞ்ச நாள்ல பாருங்க, வெல எறங்கும்,” என்று சத்தமாகச் சொன்னார்.

விலை இறங்கவில்லை. அப்பாவின் வைப்பு ஒரு படி ஏறினால் வீடு மூன்று படி ஏறியது. அவர் பணி ஓய்வு பெற்றுக் குவாட்டர்ஸைக் காலி செய்தபோது இன்ஸ்பெக்டர் வந்து சுவர்களைப் பார்த்தார். ஓர் ஓட்டைகூட இல்லை என்று பாராட்டினார்.

[இந்த அப்பாவை நான் முழுதாக நம்பவில்லை. பிடிவாதக்காரர், பேப்பர் துண்டுக்காரர் என்று சிரிக்க வைக்கும்படி செய்திருக்கிறேன். வீட்டில் அவரை யாரும் ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. அதை எழுதினால் கதை வேறு பக்கம் போய்விடும்.]

5

இனி தொண்ணூற்றெட்டு. வேறு வழியில்லை.

அப்பாவும் அம்மாவும் இப்போது பிரிக்பீல்ட்ஸில் குமரப்பன் செட்டியாரின் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். செட்டியாருக்கு அவசரமாகப் பணம் தேவை. ஆசிய நிதி நெருக்கடியில் ஊரே விற்கிறது, வாங்க ஆளில்லை, விலை இறங்கிக் கிடக்கிறது. அவர் வந்து, “வெளியாளுக்குச் சொல்றதுக்கு முன்ன ஒங்களுக்குச் சொல்றேன். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் வச்சிருக்கேன்,” என்றார். அப்பாவின் சேமிப்பு மூன்றில் இரண்டு பங்குக்குக் காணும். மீதிக்குக் கடன்தான்.

இதற்கு மேல் நான் முதலில் எழுதிய பக்கம் இது:

“அப்பா, வாங்கிடலாம்பா,” என்றேன் நான். “கடன் எடுப்போம். அம்மாவுக்கு வயசாகுது.”

அப்பா மேசையைப் பார்த்தார். “இப்ப ரேட் ரொம்ப ஜாஸ்திமா. பன்னெண்டுக்கு மேல. பேங்க் நெகாரா அடுத்து ஏத்துமா எறக்குமான்னு யாருக்கும் தெரியல. வட்டி இறங்கட்டும். வெலயும் இன்னும் கொறையும். பொறுத்துப் பாப்போம்.”

நல்ல பக்கம். அப்பா மாறவே இல்லை, மகள் மன்றாடுகிறாள். இதைப் படித்துவிட்டு என் மேல் உங்களுக்கு மரியாதை வந்திருக்கும்.

6

அந்தப் பக்கத்தில் ‘அப்பா’ என்று இருக்கும் இடத்தில் என்னையும், ‘நான்’ என்று இருக்கும் இடத்தில் அப்பாவையும் மாற்றி வைத்துப் படியுங்கள்.

எண் சீட்டோடு வந்து உட்கார்ந்தவர் பக்கத்து மேசையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்.

“லோன் எடுக்கணும்மா. எனக்கு வயசாயிடுச்சு, குடுக்க மாட்டாங்க. ஒன் பேர்ல எடுத்தா மாசாமாசம் பென்ஷன்லேருந்து குடுத்துடறேன். ஒரு மாசமும் தவறாது.”

தன் அப்பாவின் பெயரைக் கூவியதைக் கேட்டு வளர்ந்தவர். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் கடன் கேட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் அப்படி முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

நான் வட்டி விகிதத்தைப் பற்றிப் பேசினேன்.

நான் சொன்னது தவறா என்று இப்போதும் தெரியாது. எந்த வாடிக்கையாளருக்கும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அன்று நான்கு சதவீதம், இன்று அதைப் போல மூன்று மடங்கு. அன்றைக்குக் கடன் வாங்காதது முட்டாள்தனம் என்றால், இன்றைக்கு வாங்குவது முட்டாள்தனமாக இருக்கலாம். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் மனத்தில் என்ன இருக்கிறது என்று என் மேலாளருக்கே தெரியாது.

ஆனால் அப்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது அதையெல்லாம் இல்லை. என் கணவரின் கம்பெனியில் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் கிளையிலேயே ஆட்குறைப்பு என்று பேச்சு. என் பெயரில் இன்னொரு கடனா என்றுதான் பயந்தேன். வங்கி ஊழியருக்கான குறைந்த வட்டிக் கடனை எடுத்து நான் ஏற்கெனவே வீடு வாங்கிவிட்டேன். அப்பா செய்த தவறிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் அது. அந்த வீட்டில் சுவருக்குச் சுவர் ஆணி. என் பயத்துக்கு ‘ரேட்’ என்று பெயர் வைத்து அவரிடம் கொடுத்தேன், அவரும் வாங்கிக்கொண்டார்.

“ஆமாமா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று எழுந்தார். எழுந்தவர் நின்று, மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தார். “ஒங்கம்மாதான்... நேத்து கீழ கடையில ஆணி வாங்கியாந்து சாமி படத்த மாட்டிட்டா. இன்னும் நம்ம வீடு ஆவல, வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல.”

அதற்குள் அடுத்த எண் வந்துவிட்டது. அந்த ஆள் வந்து நின்றதும் அப்பா நாற்காலியை அவருக்காக இழுத்துவிட்டுப் போனார்.

7

முடிவுகள்.

வட்டி இறங்குகிறது. அடுத்த வருடம் இதைவிட மலிவாக இன்னொரு வீடு வாங்குகிறோம். நான் புத்திசாலி. அம்மாவுக்கு அடுத்த வருடம் உடம்பு எப்படி இருக்கும் என்பதை இந்த முடிவு கேட்பதில்லை.

வட்டி இன்னும் ஏறுகிறது. கடன் எடுக்காததால் என் குடும்பம் தப்பிக்கிறது. அப்போதும் நான் புத்திசாலி. புதிதாக வாங்கியவர் வந்து காலி செய்யச் சொல்கிறார். அம்மா குறடால் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் வெள்ளைப் பற்பசையை வைத்து அடைத்து விரலால் தேய்க்கிறாள். இதை எழுதும்போது

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

செட்டியாரைக் கூப்பிட்டு, “நாங்க வாங்கிக்கிறோம்,” என்கிறேன். பிறகு மாதா மாதம் தவணை ஏறும்போதெல்லாம் அப்பா முகத்தைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமலே சொல்லிக் காட்டுகிறேன். தோட்டத்துக் கடைக்காரருக்காவது குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்று சனிக்கிழமை. விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் ஆவதற்கு அதிக நேரமில்லை. எழுதி முடித்ததும் முடிவெடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேப்பர் துண்டுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவரின் மகள் வேறு எப்படி இருப்பாள்?

இப்போது போன் அடித்தது. அம்மா.

“ரமணி, வேலயா?”

“லீவும்மா. எழுதிக்கிட்டிருக்கேன்.”

“எழுது, எழுது. ஒண்ணுமில்ல, ஒரே ஒரு விஷயம்.” கடனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “செட்டியார் இப்ப வந்துடுவாரு. சுவத்துல ஆணியப் பாத்தா எதாச்சும் நெனச்சுக்குவாரு. அவர் வர்றதுக்குள்ள சாமி படத்த எறக்கிடவா, இல்ல இருக்கட்டுமா?”

“ஒரு நிமிஷம்மா,” என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஆமாம், இப்போதும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ரிசீவருக்குள் அம்மா அப்பாவிடம், “இருங்க, யோசிக்கிறா,” என்று சொல்வது கேட்கிறது. நாற்காலி நகரும் சத்தமும் கேட்கிறது. படத்தை இறக்குவதற்கு அப்பா நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போடுகிறார் போலிருக்கிறது.

என்னிடம் இன்னும் தாள் இருக்கிறது, வாக்கியம் இல்லை. ரிசீவர் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.