வெனிங்குக்கு வந்த டைபாய்டு

தனக்கு டைபாய்டு என்று செய்தி அனுப்பியபோது, வெனிங் பதினைந்து மிளகாய் வைத்து இடித்த பொரித்த கோழியை ஒரு கையால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை தரவேண்டிய வேலை. வெள்ளியன்று 'கொஞ்சந்தான் பாக்கி' என்றாள். ஞாயிறன்று 'முடிஞ்ச மாதிரிதான்' என்றாள். திங்களன்று மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டாள். செவ்வாய்க்குச் சொல்ல மிச்சமிருந்தது டைபாய்டு ஒன்றுதான். இந்தோனேசியாவின் ஜோக்ஜா நகரில் அதற்கு யாரும் டாக்டர் சீட்டு கேட்பதில்லை.

அந்தப் பக்கம் இருந்தவர் வேறு யாராவது என்றாலும் பரவாயில்லை. நானிக் அம்மா. பக்கத்து ஸ்லெமானில் சலாக் பழ வறுவல் பட்டறை வைத்திருப்பவர். எந்தக் கம்பெனிக்கும் போகாமல், வாடகை அறையில் உட்கார்ந்து கணினியில் படம் வரைந்து பிழைக்கிறவளை நாலு வருஷமாக நம்பி வேலை கொடுத்தவர். போகிற இடமெல்லாம் 'எங்க வெனிங்' என்று சொல்லி ஆள் சேர்த்துவிட்டவர். அவர் கைவிட்டால் பாதிப் பிழைப்பு போய்விடும். அதைவிட, வெனிங்குக்கு அந்த அம்மாவை நிஜமாகவே பிடிக்கும்.

வேலையும் ஒன்றும் மலையல்ல. புதுப் பொட்டலத்தின் முன்பக்கத்தில் நானிக் அம்மாவின் முகம் வரவேண்டும், அவ்வளவுதான். அவர் கொடுத்திருந்ததோ அடையாள அட்டைக்கு எடுத்த படம். பதினோரு தரம் வரைந்தாள். பதினொன்றிலும் 'வறுவலைத் தொட்டுப் பார்' என்று மிரட்டுகிற முகம்தான் வந்தது. இதை எந்த வாயால் சொல்வது என்று யோசித்ததிலேயே நாட்கள் ஓடிவிட்டன.

செய்திக்குப் பதில் வரவில்லை. தப்பித்தோம் என்ற குஷியில் வெனிங் இன்னொரு கோழி வரவழைத்தாள். அதில் பாதி உள்ளே போயிருந்தபோது, ஒன்றரை மணி நேரம் கழித்து, வாசலில் ஒரு வேன் நின்றது.

ஜன்னலில் எட்டிப் பார்த்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நோயாளியைப் பார்க்க அந்த ஊரில் யாரும் தனியாகப் போவதில்லை, வேன் நிறையப் போவார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள் இதை மறந்ததுதான் ஆச்சரியம். பட்டறைப் பெண்கள் ஒன்பது பேர் மஞ்சள் சீருடையில், பழக்கூடை, பிஸ்கட் டப்பா, கஞ்சித் தூக்கு சகிதம் இறங்கினார்கள். முன்னால் நானிக் அம்மா.

தட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளி, கணினித் திரையைத் துண்டால் மூடி, போர்வைக்குள் பாய்ந்தாள். காரத்தில் கண்ணும் மூக்கும் தானாகவே ஒழுகின. அது ஒன்றுதான் உதவி.

"ஐயோ, மூஞ்செல்லாம் செவந்து கெடக்கு பாருங்க."

"தொட்டுப் பாரு, கொதிக்குதா?"

"ஜில்லுன்னு இருக்கு."

"அப்ப உள்காய்ச்சல். அதுதான் ரொம்ப மோசம்."

நானிக் அம்மா கட்டிலில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டார். "ஒத்தையில கெடந்து கஷ்டப்பட்டியா கண்ணு? வேலை கெடக்குது விடு. எங்க பொண்ணு பொழைச்சு வரட்டும்னு அச்சகத்துல சொல்லிட்டேன்."

திட்டியிருந்தால் வெனிங் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. எல்லோரும் கையேந்தி அவளுக்காக துஆ செய்தார்கள். முடிந்ததும், வறுவல் சட்டிக்குப் பொறுப்பான சுகியெம் அக்கா ஒரு பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள்.

"டைபாய்டுக்கு இதைவிட மருந்து கெடையாது. சேதி வந்ததும் கொல்லையில தோண்டி, கழுவி, காய்ச்சினேன். இருபத்தோரு மண்புழு. மூச்சப் புடிச்சிக்கிட்டு குடிச்சிரு."

டம்ளர் உதடு வரை வந்தது. பத்து ஜோடிக் கண்கள் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன.

"எனக்கு டைபாய்டு இல்ல," என்றாள் வெனிங்.

"மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்," என்றாள் சுகியெம் அக்கா.

"நெசமாவே இல்லக்கா. எனக்கு ஒண்ணுமே இல்ல. வேலைதான் முடியல." எழுந்து கோழித் தட்டை எடுத்து நடுவில் வைத்தாள். திரையின் மேலிருந்த துண்டையும் உருவினாள்.

நானிக் அம்மா பதினோரு முகங்களையும் பார்த்தார். "யாரு இது, அடிக்க வர்றவ?"

"நீங்கதாம்மா. எப்படி வரைஞ்சாலும் கோவமாவே வருது. சொல்லப் பயமா இருந்துச்சு."

அவர் முகம் அசல் பன்னிரண்டாவது படமாக மாறியது. "ஒரு போன் போட்டிருந்தா வேற போட்டோ குடுத்திருப்பேனே. ரெண்டு நாள் லேட்டுன்னா நான் சமாளிச்சிருவேன். நீ செத்துருவியோன்னு வழியெல்லாம் அழுதுகிட்டு வந்தோமே, அத எப்படிடி சமாளிக்கிறது?"

வெட்கத்தில் வெனிங்கின் உடம்பு இப்போது நிஜமாகவே கொதித்தது. நானிக் அம்மா எழுந்து, வாசலில் குவிந்திருந்த செருப்புகளில் தன்னுடையதில் ஒன்றைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்தார், இன்னொன்றைத் தேடினார். அதுவும் கிடைத்தால் அந்த அம்மா இந்தப் படியை இனி மிதிக்க மாட்டார் என்று வெனிங்குக்குத் தெரிந்தது.

"அப்ப இத என்ன பண்றது?" சுகியெம் அக்கா டம்ளரோடு நின்றாள். "பாடுபட்டுத் தோண்டினது." யாரும் கை நீட்டவில்லை. அவளே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சற்று யோசித்தாள்.

"உப்பு கம்மி."

நானிக் அம்மாவுக்கு முதலில் மூக்கில்தான் சிரிப்பு வந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு தரையில் சரிந்தார். ஒன்பது பேரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். வெனிங் கண்ணைத் துடைத்துக்கொண்டே பென்சிலைத் தேடினாள்.

"அம்மா, அப்படியே இருங்க. அசையாதீங்க."

வரைந்து முடித்தபின் நானிக் அம்மா கேட்டார்: "எப்ப தருவே? யோசிச்சுச் சொல்லு."

"நாளைக்குக் காலையில..." வாய் பழக்கத்தில் ஓடியது. இழுத்துப் பிடித்தாள். "இல்லம்மா. வியாழக்கிழமை மதியம் பன்னெண்டு."

நானிக் அம்மா அங்கேயே அச்சகத்தைக் கூப்பிட்டு, எதற்கும் இரண்டு மணி நேரம் கூட்டியே சொன்னார். "டைபாய்டெல்லாம் இல்லீங்க, நம்ம பொண்ணு லேட் பண்ணிட்டா. வியாழன் ரெண்டு மணிக்கு வந்துரும்." மீதிக் கோழியை ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிட்டு, பழக்கூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நோயாளிதான் இல்லையே.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, சிரிக்கிற முகத்துக்கு நிறம் இன்னும் சரியாக அமையவில்லை. வெனிங்கின் விரல் 'மின்சாரம்' என்று ஆரம்பித்தது. அழித்தாள்.

'அம்மா, நாப்பது நிமிஷம் லேட்டாகும். ஒடம்பு நல்லாருக்கு.'

உடனே பதில் வந்தது. 'சரி கண்ணு. எதுக்கும் சுகியெம் அக்காவ பிளாஸ்க்கோட தயாரா இருக்கச் சொல்றேன்.'

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கே வெனிங் படத்தை அனுப்பிவிட்டாள்.