பக்கத்து வீட்டில் கொடுக்கப்பட்டது

அந்த வீட்டைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடி கிடையாது, வாசலில் ஒரே ஒரு படி, குளியலறையில் வழுக்காத தரை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்கத் தெரிந்தது. வீட்டுக்காரம்மா குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நானோ அப்பாவின் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

ஆனாலும் நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். இது தெளிவா, அது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்பாத புத்தி வந்துவிட்டது. ஒரு மாதம் அந்தத் தெருவைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். மழை பெய்த மறுநாள் போய்த் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்தேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் போய்ச் சத்தம் எவ்வளவு என்று பார்த்தேன். பஸ் நிறுத்தத்துக்கு எத்தனை நிமிடம் என்று அப்பாவை நடக்கவைத்தே கணக்கிட்டேன். ஏழு நிமிடம். நடுவில் நின்று ஒரு பஸ் டிரைவரைத் திட்டிய நேரமும் அதில் சேர்த்தி. அப்பா முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர், அடுத்தவர் ஓட்டுவது எதுவும் அவருக்குப் பிடிக்காது. முனைக் கடைக்காரர் என்னைக் கண்டாலே கல்லாவை மூடிவிட்டு, இன்றைக்கு என்ன கேள்வி என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நோட்டில் முப்பத்தொரு கேள்வி, முப்பத்தொன்றுக்கும் பதில். பெருமையோடு என் கணவரிடம் நீட்டினேன். அவர் பதினோரு வருடமாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். எதைக் கொடுத்தாலும் விலாசம் படிக்கிற மாதிரிதான் நிறுத்தி நிறுத்திப் படிப்பார். கடைசி வரி வரை படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"எல்லாம் சரி. மணி அடிச்சா யார் வருவாங்கன்னு எழுதலையே?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் எதைச் சொல்கிறார் என்று தெரியும். நாலு மாதத்துக்கு முன்னால், நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தபோது, அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரை தரையில் கிடந்தபடி வாளியால் சுவரில் தட்டியிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர், யாரோ குழாய் ரிப்பேர் செய்கிறார்கள் என்று நினைத்து டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாராம். அவரே பிறகு வந்து சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு வருடம் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டும் அவரை எங்களுக்குக் கதவு எண்ணாகத்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் கணவர் ஒரு அழைப்பு மணி வாங்கி வந்தார். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தான், தள்ளி எங்கேயாவது வைத்துக்கொள்ள ஒரு மணிப்பெட்டி. அப்பா அதை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "யாருமில்லாத வீட்டுல இது அடிச்சு யார் வரப்போறா? எதுக்கு எனக்கு இந்த மாட்டு மணி?" என்று கழற்றி வைத்தவர்தான். அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. அண்ணன் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், அவன் ஊரில் நல்ல முதியோர் இல்லம் இருக்கிறது என்று ஆரம்பித்தான். ஒருநாள் அப்பா தன் சட்டைகளை எடுத்து எண்ணி மடித்து வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த வீடு தேடும் படலம்.

கணவரிடம் ஒரு சித்தாந்தம் உண்டு. நாம் இல்லாத நேரத்தில் வரும் பார்சலைப் பக்கத்து வீட்டில் வாங்கி வைக்கிறார்களா? அந்தத் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு குடியேறலாம். யாரென்றே தெரியாது என்று கதவைச் சாத்துகிறார்களா? அங்கே மாளிகையைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். இதை அவர் சொல்லும்போது நான் எப்போதும் சிரிப்பேன். இந்தத் தடவை அவர் சொல்வதோடு நிற்கவில்லை. வீட்டுக்காரம்மா ஏற்கெனவே மகள் வீட்டுக்குப் போய்விட்டதால் வீடு பூட்டிக் கிடந்தது. அந்த விலாசத்துக்குத் தன் பெயரிலேயே ஒரு பார்சல் அனுப்பிவிட்டார். அந்தத் தெரு அவர் ரூட் இல்லை, கொண்டுபோகிறவருக்கும் விஷயம் தெரியாது. பார்சல் பத்திரமாக இருந்தால் வீட்டை வாங்குவோம், காணாமல் போனால் வேண்டாம் என்றார். தெருமேல் இருந்த நம்பிக்கையில் நானும் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

புதன்கிழமை அவர் போனில் செய்தி வந்தது: பக்கத்து வீட்டில் கொடுக்கப்பட்டது. நான் துள்ளிக் குதித்தேன். அவர் அசையவில்லை. முதல் நாள் எல்லாரும் நல்லவர்கள்தான், மூன்று நாள் போகட்டும் என்றார். வீட்டுக்காரம்மாவிடம் இன்னொருவர் பணத்தோடு தயாராக நிற்கிறார், சனிக்கிழமை ஐந்து மணிக்குள் எங்கள் பதில் வேண்டும். இவருக்கோ மூன்று நாள் சனிக்கிழமைதான் முடிகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு நாங்கள் மூவரும் அந்தத் தெருவில் இறங்கினோம். முதலில் வலது பக்கத்து வீடு. கதவைத் திறந்தது ஓர் இளம்பெண், இடுப்புக்கு ஒன்றாக இரட்டைக் குழந்தைகள். பார்சல் என்று கணவர் வாயெடுத்ததுமே அவள் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா அது? புதுசா வர்றவங்க பேர் இதுதான் போலன்னு பெட்டியைப் பாத்துப் பேசிக்கிட்டோம்."

நாங்கள் தெருவை விசாரித்துக்கொண்டிருந்த அதே வேளையில் தெரு எங்களை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று சந்தோஷம். ஆனால் பார்சல் அவளிடம் இல்லை. பெட்டியை அசைத்தாலே உள்ளே ஏதோ மணி அடிக்கிறதாம். தூங்க வைத்த குழந்தைகள் இருவரும் எழுந்துவிட்டார்களாம். அதனால் எதிர்வீட்டு டிரைவிங் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டாள். பெட்டிக்குள் என்ன வைத்தீர்கள் என்று கணவரைக் கேட்டேன். எடைக்கு ஏதோ கையில் கிடைத்ததைப் போட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் வானத்தைப் பார்த்தார்.

எதிர்வீட்டில் டிரைவிங் மாஸ்டர் இல்லை. வகுப்புக்குப் போயிருக்கிறார், நாலேகாலுக்கு வருவார் என்று வாசலில் ஒரு அட்டை தொங்கியது. உள்ளே நாய் குரைத்தது. நான் மணியைப் பார்த்தேன், தெருவைப் பார்த்தேன், மறுபடி மணியைப் பார்த்தேன். சரியாக நாலு இருபதுக்கு ஒரு கார் தெருமுனையில் திரும்பி, மூன்று தடவை நின்று நின்று, தவளை மாதிரி தத்திக்கொண்டு வந்து சேர்ந்தது. கிளட்சை விடுகிற அவசரத்தைப் பார் என்று அப்பா முணுமுணுத்தது இறங்கி வந்த மாஸ்டர் காதில் விழுந்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், ஆறு வாரமாக இந்தப் பையனிடம் இதைத்தானய்யா நானும் சொல்கிறேன் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். கிளட்ச், கியர், மேட்டில் வண்டியை நிறுத்தும் கலை என்று இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா இத்தனை உற்சாகமாகப் பேசி மாதக்கணக்காகிறது. நிறுத்த மனசில்லை. ஆனால் மணி நாலரை. நான் தொண்டையைக் கனைத்தேன்.

மாஸ்டரிடமும் பார்சல் இல்லை. மணி அடிக்கும்போதெல்லாம் நாய் ஊளையிட்டதாம். "லைப்ரரி மேடத்துக்கிட்ட குடுத்துட்டேன். அவங்ககிட்ட போனா எதுவும் தொலையாது. திரும்ப வாங்குறதுதான் கஷ்டம்" என்று இடது பக்கத்து வீட்டைக் காட்டினார்.

மூன்று வீடு தாண்டியிருக்கிறது, இன்னும் தொலையவில்லை என்று கணவரின் வாய் காது வரை போயிருந்தது. நான் ஓட்டமும் நடையுமாக அந்த வாசலுக்குப் போனேன். அங்கேயும் இல்லையென்றால் பார்சல் போச்சு, வீடு போச்சு. அப்பா மறுபடி சட்டைகளை எண்ணுவார்.

லைப்ரரி மேடம் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். கதவைத் திறந்து எங்களை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு, கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கணவரின் அடையாள அட்டையைக் கேட்டார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அந்தக் கண்ணாடி மாற்றி இரண்டு வருடமாவது ஆகியிருக்கும் என்று என் தொழில் புத்தி சொன்னது.

"பேர் சரியா இருக்கு. விலாசம் வேற தம்பி."

நாங்கள் அந்த வீட்டை வாங்கப் போகிறோம் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"அப்ப வாங்கிட்டு வாங்க. பார்சல் அதுவரைக்கும் எங்கயும் போகாது."

கணவர் தெருத்தெருவாக எத்தனை பேரிடம் இதே வசனத்தைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். விலாசம் தப்பென்றால் அழுதாலும் கொடுக்க மாட்டார். இன்றைக்கு விடாக்கண்டனுக்கு ஒரு கொடாக்கண்டன் கிடைத்துவிட்டார். இவர் கோபப்படுவார் என்று பார்த்தால், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

அப்போது சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. அதன் தலைமேல் இருந்த அட்டைப் பெட்டிக்குள் மணி அடித்தது. லைப்ரரி மேடம் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்தார். எங்களைத் தாண்டி வாசலுக்குப் போய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பழைய ஃபிரிட்ஜ், மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் ஆடும் என்றார். கீழே வைத்தால் தரை துடைக்கும்போது பெட்டி நனைந்துவிடும் என்று மேலே வைத்தாராம். முதல் நாள் முழுக்க வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்து திறந்து பார்த்தாராம். மறுநாள்தான் சத்தம் பெட்டியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தாராம்.

"தெரிஞ்ச பிறகும் எதுக்கு எழுந்து போறீங்க?" என்று அப்பா கேட்டார். வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை.

"ஒருவேளை நிஜமாவே யாராவது நின்னா? நான் உக்காந்துக்கிட்டே இருந்தா அவங்க என்ன பண்ணுவாங்க?"

அப்பா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, அது என் மாட்டு மணிதானே?"

"ஆமா மாமா. நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்களே, தொலைஞ்சாலும் நஷ்டம் இல்லைன்னு..." கணவர் இழுத்தார்.

அப்பா சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு, தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போடும்மா. மணி என்ன ஆகுது பாரு."

நாலு ஐம்பத்திரண்டு. பதற்றத்தில் இரண்டு தடவை தப்பான எண்ணைத் தட்டினேன். மூன்றாவது தடவை வீட்டுக்காரம்மா எடுத்தார். வாங்கிக்கொள்கிறோம் என்று நான் சொன்னது எதிர்வீட்டு நாய்க்கே கேட்டிருக்கும். இப்போதாவது பார்சலைத் தரலாமே என்று கணவர் சும்மா கேட்டுப் பார்த்தார். லைப்ரரி மேடம் தரவில்லை.

ஆறு வாரம் கழித்துக் குடியேறினோம். வண்டியிலிருந்து கட்டிலை இறக்குவதற்கு முன்பே லைப்ரரி மேடம் பெட்டியோடு வந்துவிட்டார். கணவரிடம் புது விலாசம் போட்ட பத்திரத்தை வாங்கிப் பார்த்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். அப்பா அங்கேயே பெட்டியைப் பிரித்தார். இத்தனை நாளும் மணிப்பெட்டியில் இடித்து இடித்து மணியை அடிக்கவைத்த பொத்தானை எடுத்துத் தானே கழுத்தில் மாட்டிக்கொண்டார். மணிப்பெட்டியை லைப்ரரி மேடத்திடமே திருப்பிக் கொடுத்து, அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார்.

திங்கட்கிழமை நானும் கணவரும் வேலைக்குக் கிளம்பினோம். சாயங்காலம் வந்ததும் முதலில் அப்பாவின் அறைக்குத்தான் ஓடினேன். நன்றாகத்தான் இருந்தார். ஆனால் திருட்டு முழி. என்ன என்று குடைந்ததும் ஒப்புக்கொண்டார். பதினொரு மணிக்குப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

"ஐயோ, என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. வர்றாங்களான்னு பாத்தேன்."

லைப்ரரி மேடம் வந்திருக்கிறார். அவசரத்தில் ஒரு காலில் ஒரு செருப்பும் இன்னொரு காலில் வேறொரு செருப்பும் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வந்து நின்றிருக்கிறார். சும்மாதான் அழுத்தினேன் என்று அப்பா சொன்னதும், இனிமேல் சும்மா அழுத்தினால் ஃபைன் போடுவேன் என்று கால் மணி நேரம் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

திட்டு வாங்கியதை அப்பா ஒரு வரி விடாமல் இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று இரண்டு தடவையும் கேட்டேன்.