வேண்டுதல் நோட்டில் எழுதிய நோய்

அன்று என் தங்கை வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற லூர்துராஜ் ஆகிய நான். என் தங்கை பிலோமினாள். அவள் மகன் ஜூடு. எங்கள் அன்பியத்தின் பொறுப்பாளரும் என் பழைய மாணவனுமான ஸ்டீவ். பக்கத்து வீட்டு ஹெப்சிபா டீச்சர்; அவர் வேறு சபை. எழுமலையிலிருந்து வந்திருந்த பால்பாண்டி. ஜூடு உள்ளறைக் கட்டிலில்தான் இருந்தான். ஆனாலும் அவனை எண்ணிக்கையில் சேர்க்கிறேன். இத்தனை காலம் சேர்க்காமல் விட்டது போதும்.

அன்பியம் என்பது பங்கைச் சேர்ந்த இருபது முப்பது வீடுகள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபிப்பது. யாருக்கு என்ன நோய், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று எழுதிவைக்க அதற்கு ஒரு வேண்டுதல் நோட்டு உண்டு. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஸ்டீவ் ஞாயிறு பூசை முடிந்து வந்தான்.

"பிலோமினாக்கா, திருவிழா மேடையில ஒங்களுக்குப் பொன்னாடை. 'பொறுமையின் சிகரம்'னு ஷீல்டுல பேரும் அடிச்சாச்சு" என்றான்.

"அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில இருக்கணும் ஸ்டீவ். கர்ப்பப்பைய எடுக்கணும்ங்கறாக. ரெண்டு தடவ தேதி குடுத்தும் போகல. இனித் தள்ளுனா உசுருக்கே ஆபத்துன்னுட்டாக."

ஏன் போகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஜூடுவைப் பதினைந்து நாள் மனநல வார்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் போய்க் கேட்டாள். "கூட இருக்க அட்டெண்டர் வேணும்மா" என்றார்கள். "நான்தாங்க அட்டெண்டர். எனக்குத்தான் ஆபரேஷன்" என்றாள். "அப்ப வேற ஆளக் கூட்டிட்டு வாங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளைச் சேர்க்க வேண்டிய வார்டிலும் முதல் கேள்வி, அட்டெண்டர் யார் என்பதுதான். நர்சுக்கு ஷிப்ட் உண்டு, வாசல் காவலாளிக்கு வார விடுமுறை உண்டு. பன்னிரண்டு வருடமாக மாத்திரை கொடுத்து, குளிக்கவைத்து, அவன் தூங்காத நாளெல்லாம் தானும் விழித்திருந்தவளுக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு பெயர்கூடக் கிடையாது.

பால்பாண்டியின் மனைவி பாண்டியம்மாளுக்கும் ஜூடுவின் நோய்தான். மாதாமாதம் மருந்து வாங்கும் வரிசையில் பால்பாண்டி என் தங்கைக்குப் பழக்கமானவர். பார்த்துக்கொள்கிறவர் படுத்துவிட்டால் நோயாளியை அரசே ஏற்க வேண்டும் என்று கலெக்டருக்கு ஒரு மனு எழுதி, கையெழுத்துக்காக வந்திருந்தார். முன்பு ஒருமுறை வந்தபோது, எங்கள் வீட்டில் அப்படி நோயாளி யாரும் இல்லை என்று நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"எனக்குந்தான் தம்பி, ஊர்ல சால்வ போத்துனாக" என்றார் ஸ்டீவைப் பார்த்து. "நான் மேடையில கும்புட்டுக்கிட்டு நிக்கேன், அங்கிட்டு பாண்டியம்மா அடுப்புல முந்தானைய விட்டுட்டா. இம்புட்டுப் பேரு கைதட்டுனீகளே, ஒரு ஆளு அவகூட இருந்திருக்கக் கூடாதான்னு கேட்டேன். சால்வய நல்லா மடிச்சு வைங்கண்ணேன்னு சொல்லிட்டுப் போனாக."

பிலோமினாள் நேராகவே கேட்டாள். "பொன்னாடை வேண்டாம் ஸ்டீவ். பதினஞ்சு நாளு, ஆளுக்கு ஒரு வேள வந்து ஜூடுகூட உக்காந்திருங்க. சோறு நானே ஏற்பாடு பண்ணிட்டுப் போறேன்."

ஸ்டீவ் கள்ளமில்லாமல்தான் கேட்டான். "நரம்புத் தளர்ச்சிக்கு எதுக்குக்கா ஆளு? டானிக்கக் குடுத்துப் படுக்கவச்சாப் பத்தாதா?"

நோட்டையும் விரித்துக் காட்டினான். வருடத்துக்கு வருடம் என் கையெழுத்தில், 'ஜூடு, நரம்புத் தளர்ச்சி நீங்க' என்று இருந்தது.

ஹெப்சிபா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "பன்னெண்டு வருஷமாவா வேற நோய்க்கு ஜெபிச்சீங்க? நான் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டதெல்லாம் தளர்ச்சியா? ஒருநாளும் தளர்ந்து கேக்கலையே சார்!"

பிலோமினாள் என்னைப் பார்த்தாள். "ஒங்க பேருக்காகத்தான் அண்ணே நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். தளர்ச்சின்னா எவன் எட்டிப் பாப்பான்? ஒரு பய வரல."

நானும் ஞாயிறுதோறும் வந்தவன்தான். நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்து, மருந்து கொடுத்தாயா என்று விசாரித்துவிட்டுப் போனேன். குடும்பப் பெயரைக் காக்கிறேன் என்று எண்ணினேன். அதைக் காத்த செலவெல்லாம் அவள் உடம்பில் விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரி மேல் இருந்த கோபமும் ஷீல்டு மேல் இருந்த கோபமும் ஒன்றாகச் சேர்ந்து அந்த நோட்டில் இருந்த என் எழுத்தின்மேல் திரும்பியது. பேனாவை எடுத்து அடித்துவிட்டு, 'மனச்சிதைவு நோய்' என்று எழுதினேன்.

"சார், கூட்டத்துல இத வாசிப்பாங்களே" என்றான் ஸ்டீவ்.

"வாசிக்கட்டும். அதுக்குத்தான் எழுதுறேன்."

அடுத்த பக்கத்தில் பதினைந்து நாளுக்கும் கோடு போட்டு, காலை, மதியம், மாலை என்று கட்டம் பிரித்தேன். எல்லாக் காலைக் கட்டங்களிலும் என் பெயர்; இரவுகளும் என்னுடையவை. பால்பாண்டி இரண்டு மதியங்களைக் கேட்டார்; அன்று பாண்டியம்மாளைத் தன் அக்காளிடம் விட்டுவிட்டு எழுமலையிலிருந்து பஸ் ஏறுவதாகச் சொன்னார். மற்ற மதியங்களுக்கு ஹெப்சிபா டீச்சர். நோட்டு ஸ்டீவிடம் போனது.

"ஒண்ணும் செஞ்சுற மாட்டான்ல சார்? கடிச்சு கிடிச்சு..."

"ஒன்னயவா?" என்றார் பால்பாண்டி. "சேச்சே. வாய்க்கு ருசியா இருக்க வேண்டாமா தம்பி?"

உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஜூடுவின் குரல். "மாமா, ஸ்டீவண்ணன வரச் சொல்லுங்க. கேரம் போர்டு இருக்கு."

ஸ்டீவ் முகம் சிவந்துபோய் நான்கு மாலைகளில் பெயர் எழுதினான்.

மிச்சம் பதினொரு மாலைகள். அடுத்த அன்பியக் கூட்டத்தில் நோட்டை நானே எழுந்து நின்று வாசித்தேன். இருபத்தேழு வீடுகளில் மூன்று வீட்டார் ஆளுக்கொரு மாலை வருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் ஜெபிப்பதாகச் சொன்னார்கள். ஜெபத்தை உங்கள் வீட்டில் செய்யுங்கள், மாலையில் இங்கே வந்து உட்காருங்கள் என்றேன். சிலருக்கு வருத்தம். இருக்கட்டும். ஆள் வராத எட்டு மாலைகளுக்கும் நானே இருந்தேன்.

மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் நானும் பால்பாண்டியும் வரிசையில் நின்று கொடுத்தோம். வாங்கியவர், "பேஷண்ட் நீங்களா?" என்றார். "இல்லை, பேஷண்டின் தாய்மாமன்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. ரசீது கொடுத்தார்கள். பதில் இன்றுவரை இல்லை. விடப்போவதில்லை.

பிலோமினாளுக்கு ஆபரேஷன் நடந்தது. ஸ்டீவின் மனைவிதான் அட்டெண்டராக இருந்தாள். என் தங்கை பிழைத்துத் திரும்பிவந்துவிட்டாள்.

அந்தப் பதினைந்து நாளும் நாங்கள் ஜூடுவை அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்ததாக எங்கள் காளவாசல் பகுதியில் ஒரு பேச்சு இருக்கிறது. பூட்டவில்லை.