இரண்டு அடுக்கு

ஆய்வகத்தில் அவளுக்கு டேப்பு என்றுதான் பெயர். வேலை அப்படி. அவள் கையாளும் பொருள் இயந்திர கிரீஸில் கலக்கிற அதே மாலிப்டினம் டைசல்ஃபைடுதான். அந்தக் கரிய கல்லை டேப்பில் ஒட்டி, உரித்து, மறுபடி உரித்து, ஒரே ஒரு அடுக்கு மிஞ்சும்வரை விடமாட்டாள். அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் அது கிரீஸுக்கு உதவுகிறது. தனி அடுக்காகிவிட்டாலோ குணமே வேறு. பச்சை லேசரைக் காட்டினால் சிவப்பாக ஒளி விடும். இன்னொரு அடுக்கு கூட இருந்தால் போச்சு, மங்கிவிடும்.

அன்று காலை மங்கித்தான் கிடந்தது. உரித்தெடுத்த சில்லைச் சிலிக்கான் தகட்டின் மேல் வைத்து, அது காட்டும் நிறத்தை வைத்துத்தான் அங்கே எல்லோரும் அடுக்கை எண்ணுவார்கள். புதிதாகப் பிரித்த பெட்டியின் தகடுகளில் மேற்பூச்சின் கனம் வேறு என்பதை அவள் கவனிக்கவில்லை. நிறம் ஏமாற்றிவிட்டது. அவள் பேச்சை நம்பிப் பேராசிரியர், டிரான்சிஸ்டர் செய்ய ஒற்றை அடுக்கு தயார் என்று கம்பெனிக்காரர்களை வேறு வரவழைத்திருந்தார்.

"சார், தப்பு என்னோடதுதான். இது ரெண்டு அடுக்கு."

"அவங்க வாசலுக்கே வந்தாச்சு. போன மாசத்து ஒத்தை அடுக்குச் சில்லோட ஒளி வரைபடத்தைக் காட்டு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

"பட்டம் வேணுமா, வேண்டாமா? வேணும்னா வாயை மூடிக்கிட்டு இரு."

வேண்டாமா பின்னே? அம்மா இப்போதே தெரு முழுக்க 'என் மக டாக்டர்' என்று தம்பட்டம் அடித்தாயிற்று. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக மண்டைக்கு ஏறியது. தப்பு செய்தது நான், அதை மூடி மறைக்க இவர் யார்?

அவள் அசையவில்லை என்றதும் பேராசிரியரே பழைய வரைபடத்தைத் திரையில் போட்டார். கம்பெனிக்காரர்கள் இருவர் உள்ளே வந்தார்கள். மூத்தவர் திரையைப் பார்த்து, "இது ஒத்தை அடுக்குதானே?" என்றார்.

"ஆமா, ஆமா," என்றார் பேராசிரியர்.

"இல்லைங்க," என்றாள் டேப்பு. "திரையில இருக்கறது பழைய சில்லோடது. இன்னிக்கு இருக்கறது ரெண்டு அடுக்கு. நிறத்தைப் பாத்து நான்தான் ஏமாந்துட்டேன். வாங்க, நீங்களே பாருங்க."

லேசரைப் போட்டாள். திரையில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு தலைதூக்கவே இல்லை. மூத்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

பேராசிரியருக்கு முகம் சுண்டிப்போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ என் ரூமுக்கு வா," என்றார்.

"பட்டத்தைப் பத்திதானே? வர்றேன் சார். முதல்ல இவங்க பாத்து முடிக்கட்டும்."