சீழ்க்கைக்கு ஓடியவன்

அவனுக்குக் காலில் சக்கரம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சக்கரமாவது மண்ணாவது! எந்தக் கால்பந்து கிளப்பும் அவனை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் சங்கதி. மோசமான ஆட்டக்காரன் இல்லை, ஆஹா ஓஹோ என்றும் சொல்ல முடியாது. எங்காவது ஒரு தடுப்பாட்டக்காரன் காலை முறித்துக்கொண்டால் இவனைக் கூப்பிடுவார்கள். அந்தக் கால் தேறியதும் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். இவனும் மூட்டை முடிச்சோடு, பெண்டாட்டி பிள்ளையோடு, அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறுவான்.

இது ஒன்பதாவது கிளப். மகள் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாஷையைக் கற்று, அடுத்த ஊரில் மறந்து, ஒருவழியாக இங்கேதான் இரண்டு சிநேகிதிகளைப் பிடித்திருந்தாள். மனைவி கத்தவில்லை, அழவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த ஊருக்கு நீங்க மட்டும் போங்க. நாங்க இங்கேயே இருந்துக்கறோம்."

இவனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதைக் கடைசி ஆட்டம் பார்த்துவிட்டுச் சொல்வதாக கோச் சொல்லியிருந்தார்.

பல நாட்டு கிளப்புகளும் மோதும் போட்டி அது; கடைசி ஆட்டத்தில் எதிரணியாக வந்தது, கஷ்டகாலம், அவனுடைய பழைய கிளப். அதன் கோச்சை எல்லோரும் சீழ்க்கைக்காரர் என்பார்கள். தன் ஆட்கள் பந்தைத் தூர உதைத்ததும் மனிதர் இரண்டு விரலை வாயில் வைத்து இரண்டு சீழ்க்கை அடிப்பார். உடனே அவருடைய பின்வரிசை மொத்தமும் நடுமைதானத்துக்கு ஓடியாக வேண்டும். தாமதித்தவன் மறுநாள் முழுக்க மைதானத்தைச் சுற்ற வேண்டியதுதான். இவனும் அங்கே நிறையச் சுற்றியவன்.

இரண்டாம் பாதியில் எதிரணி பந்தைத் தூர உதைத்தது. சீழ்க்கை இரண்டு முறை கேட்டது. நம்மாள் என்ன சட்டை போட்டிருக்கிறோம் என்று குனிந்து பார்த்தானா? பழக்கதோஷம், தலைதெறிக்க முன்னால் ஓடினான். பந்து அவன் தலைக்கு மேலே பறந்து, அவன் காலிசெய்த இடத்தில் விழுந்தது. அங்கே எதிரணிக்காரன் தனியாக நின்றிருந்தான். கோல் போட அவன் அவசரப்படக்கூட இல்லை.

மானம் கப்பலேறியது. அரங்கமே அவனைத் திட்டித் தீர்த்தது. சீழ்க்கைக்காரர் முதலில் திகைத்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் இவனுக்குப் புத்தி வந்தது. தன் அணியின் ஓட்டக்காரனைக் கூப்பிட்டு, சீழ்க்கை கேட்டதும் எதிராளிகள் முன்னால் வருவார்கள், நீ அவர்களுக்கு நடுவே புகுந்து ஓடு, பந்து உன்னைத் தேடி வரும் என்றான். அப்படியே நடந்தது, கோலும் விழுந்தது. பந்தை அனுப்பியவன் இவனே. ஆட்டம் சமனில் முடிந்தது.

கோச் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். திட்டு விழும் என்று இவன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

"உன் மண்டைக்குள்ள எல்லா கிளப்போட சூட்சுமமும் இருக்கு. காலுக்குத்தான் எந்த கிளப்புன்னு மறந்துபோகுது. விளையாடினது போதும்ப்பா. பின்வரிசைக்காரங்களுக்குச் சொல்லிக்கொடு. எத்தனை வருஷம் வேணும்னாலும் இரு."

விளையாடியே தீருவேன் என்றால் வேறொரு நாட்டு கிளப் ஆள் தேடுகிறது, சிபாரிசு செய்கிறேன் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தான். பந்தை உதைப்பதைத் தவிர அவனுக்கு என்ன தெரியும்? இன்னும் ஒரே ஒரு வருடம் விளையாடிவிட்டு வந்துவிடலாமே என்று மனசு கெஞ்சியது.

வண்டிகள் நிற்குமிடத்தில் மனைவியும் மகளும் காத்திருந்தார்கள். மகள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "வாங்கப்பா" என்றபோது அவள் குரல் கரகரத்தது.

"தொண்டை ஏன்டா இப்படிக் கட்டியிருக்கு?"

"உங்களைத் திட்டித் திட்டித்தான்பா. நம்ம டீம் ஜெயிக்க வேண்டிய மேட்ச். உங்களால போச்சு."

மனைவி அவளை அதட்டினாள். அவன் வேண்டாம் என்று கையமர்த்தினான். இத்தனை ஊரிலும் அந்தக் குழந்தைக்கு அப்பாவுடைய டீம் என்று ஒன்று இருந்ததே தவிர, நம்ம டீம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

பையை மனைவி கையில் கொடுத்தான். வந்த வழியே திரும்பி நடந்தான். அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் கோச்சின் கதவைத் தள்ளித் திறந்தான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் சார்?" என்றான்.